17 பிள்ளைகளுக்கு உதவப் பணம் சேர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் மட்டக்களப்புப் படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம். தகப்பன் இல்லாத, அல்லது தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனதால் அம்மம்மாவோடு இருக்கிற 17 பிள்ளைகளை எங்கள் விளையாட்டுக் கழகம் கணக்கெடுத்திருக்கிறது. அவர்களின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் பணம் சேர்க்க விரும்புகிறோம். சுவிஸில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பெரிய தொகை தருகிறேன், சிறுவர் இல்லமே தொடங்கலாம் என்கிறார். பேஸ்புக்கில் பிள்ளைகளின் படம் போட்டால் இன்னும் சேரும் என்று கழகப் பெடியன்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, சுவிஸ் அண்ணனின் மனம் பெரியது. ஆனால் இல்லம் வேண்டாம். நம் நாட்டில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமைதான் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது. இல்லம் நடத்துவதென்றால் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு, இரவும் பகலும் பொறுப்பான ஆட்கள், மாதாமாதம் சம்பளம், சமையல், கரண்ட் பில். அதே பிள்ளை அம்மம்மா வீட்டிலேயே இருந்து படிக்க அந்தக் காசில் சிறு பங்கு போதும்.

பணம் கேட்கப் போவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்பது எதனால் என்று மட்டும் எழுதுங்கள். இலவசக் கல்வி 1945இலும், இலவசப் பாடநூல் 1980இலும், சீருடை 1993இலும் வந்துவிட்டன. ஆகவே 'கல்விச் செலவுக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், அதுதான் அரசாங்கம் கொடுக்கிறதே என்பார்கள். பிள்ளை நிற்பது பஸ் காசுக்கும் சப்பாத்துக்கும் காலைச் சாப்பாட்டுக்கும்தான்.

சிலவேளை காசே தேவைப்படாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பிறப்பு ஏற்கெனவே பதியப்பட்டிருந்தால் பிரதியை எடுக்கலாம். பதியப்படவே இல்லையென்றால் பிந்திய பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். 15 வயதில் அடையாள அட்டைக்கு ஓடும்போதுதான் இது தெரியவந்தால் வீட்டார் பதறிப்போவார்கள். கழகத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவர் அலைந்து முடித்துக் கொடுக்கக்கூடிய வேலை இது.

கொப்பியோடு பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். குடும்பம் அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறுகிறதா, பெறாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். நன்கொடையாளரை ஒரு பிள்ளையோடு இணைக்கும் 'செவண சரண' திட்டத்தைப் பற்றியும் விசாரியுங்கள். அரசாங்கம் தரக்கூடியதை வாங்கிக் கொடுத்த பிறகு மிஞ்சும் குறைதான் நீங்கள் சேர்க்கவேண்டிய பணம்.

சரி, எவ்வளவு? ஒரு மாதிரிக் கணக்கு. பஸ்ஸுக்குப் போக வர 80 ரூபாய், 20 நாளைக்கு 1,600. காலைச் சாப்பாடு 100 ரூபாய்ப்படி 2,000. மாலை வகுப்பு 1,500. மாதம் 5,100, பத்து மாதத்துக்கு 51,000. சப்பாத்து, பை, கொப்பிகளுக்கு 9,000 சேர்த்தால் வருடத்துக்கு 60,000. உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கில் 17 பேருக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டும், 5 பேருக்கு மூன்று இலட்சம்.

நான் 5 பேரோடு தொடங்கச் சொல்வேன். தரம் 8இல் ஒரு பிள்ளையை எடுத்தால் சாதாரண தரப் பரீட்சை வரை நான்கு வருடம். நடுவில் கைவிட்டால் பிள்ளை முன்பைவிட மோசமாக உடைந்துபோகும். அடுத்த வருடத்துக் காசு கையில் இருந்தால் மட்டும் ஆறாவது பிள்ளை. சுவிஸ் அண்ணனிடமும் இதையே சொல்லுங்கள்: ஒரேயடியாகப் பெரிய தொகை வேண்டாம், நான்கு வருடத்துக்கு மாதாமாதம் அனுப்பட்டும்.

படம் போடவே வேண்டாம். முகத்தை மறைத்தும் வேண்டாம். ஊரில் எந்தச் சட்டை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த ஒரு சங்கத்தில், சைக்கிள் வாங்கிய பிள்ளையின் படத்தை வெளியிட்டார்கள். வகுப்பில் பகிடி பண்ணியதில் அந்தப் பிள்ளை ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. சைக்கிள் திண்ணையில் கிடந்தது. படத்துக்குப் பதில் மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். பெயரில்லாமல், ஊரில்லாமல், 'ஒரு பிள்ளை, ஒரு வருடம், 60,000' என்று. தருகிறவர் பிள்ளையைத் தனியாகச் சந்திக்கவும், போனில் பேசவும் கேட்டால் மறுத்துவிடுங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. ஏதாவது தப்பாகப் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள்.

காசு விஷயத்தில் உறவும் நட்பும் பார்க்காதீர்கள். தலைவரின் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் விழக்கூடாது. கழகத்தின் பெயரில் கணக்கு, மூன்று பேரில் இருவர் கையொப்பம், அந்த இருவர் ஒரே வீட்டுக்காரராக இருக்கக்கூடாது. இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒவ்வொரு மாதமும் கூட்ட அறிக்கையில் வரவு செலவு. கழக யாப்பில் சமூக சேவை இல்லையென்றால் முதலில் பொதுக்கூட்டம் வைத்துச் சேர்த்துவிடுங்கள். தொடர்ந்து சேர்ப்பதானால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவது பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டையே நம்பியிருக்கவும் வேண்டாம். பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்தவுடன் பெரிய வயல்காரரான போடியார்மாரிடம் போங்கள். காசு கேட்டால் யோசிப்பவர், களத்தில் நெல் கிடக்கும்போது ஒரு மூடையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். மூடைகளைச் சேர்த்து ஒரே நாளில் விற்று, விற்ற துண்டைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒட்டுங்கள். கோயில் திருவிழாவில் உண்டியல் வைப்பதென்றால் பரிபாலன சபையின் எழுத்துமூல அனுமதியோடு வையுங்கள், எண்ணும்போது சபையில் ஒருவர் இருக்கட்டும்.

மாலை வகுப்பு பற்றி ஒன்று. உங்கள் பக்கம் பொழுது பட்டால் யானைப் பயம். வகுப்பு ஐந்தரைக்கு முடியவேண்டும். தூரத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வீட்டில் விட இரண்டு பெற்றார் முறை வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு ஆளுக்கொரு டோர்ச் லைட் வேண்டும். அதையும் கொப்பியில் எழுதிவிடுங்கள்.