நெஞ்சடைப்பும் நினைப்பும்

அன்புள்ள ஐயா,

அம்மா இறந்து ஐம்பது நாள் ஆகிறது. அப்பா கோத்தகிரியில் தனியாக இருக்கிறார். 67 வயது, பிரஷர் உண்டு. தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்று போனில் சொன்னார். டாக்டரிடம் போகச் சொன்னால், "உங்கம்மா நெனப்புதான், வேறொன்றுமில்லை" என்கிறார். துக்கம் இதயத்தை இப்படிச் செய்யுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

செய்யும். அதனால்தான் தாமதிக்காமல் அவரை டாக்டரிடம் காட்ட வேண்டும். மேடேறும்போது நெஞ்சடைப்பது இதயக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் 'நினைப்பு' என்று ஒதுக்கக் கூடாது. அதுவரை மேடேற வேண்டாம்.

மனைவியை இழந்த, 55 வயது கடந்த 4,486 ஆண்களைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1969இல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே மரணம் வழக்கத்தைவிட 40 சதவீதம் அதிகம். அதில் இதய நோய்ச் சாவுகளே மிகவும் கூடியிருந்தன. துக்கத்தில் பிரஷர் ஏறுகிறது, தூக்கம் போகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது.

இன்னொன்றும் உண்டு, அது நான் பட்டது. என் மனைவி இருந்தவரை காலை டீயோடு பிரஷர் மாத்திரையும் வரும். அவள் போனபின் டீ மட்டும் நானே போட்டுக்கொண்டேன். மாத்திரை நின்றுபோனதையே இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ராத்திரிச் சாப்பாடும் டீயும் வர்க்கியும்தான். யாராவது கேட்டால் "சாப்பிட்டேன்" என்பேன்.

அதனால் போனில் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். "அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம், எண்ணிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவைத்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அப்புறம், நம் மலையின் விடியற்குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் கூடும். வெயில் வந்தபின் வெளியே போகட்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வலி கைக்குப் பரவினாலோ உடனே 108. பெரிய ஆஸ்பத்திரி தூரம்தான். ஆனால் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

கோவைக்கு வந்துவிடும்படி இப்போது வற்புறுத்த வேண்டாம். நீங்கள் நாளைக் காலையே மேட்டுப்பாளையம் வழியாக மேலே வாருங்கள். டாக்டரிடம் வர அவர் மறுத்தால், "அம்மா இருந்திருந்தா இந்நேரம் கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.