சமூகக் கல்விப் பாடங்கள்: தரம் 9 முதல் ஏ.எல் வரை கேள்வி பதில்

தரம் 9 மாணவி, மஸ்கெலியா: சேர், ஓ.எல்லுக்குப் புவியியலும் குடியுரிமைக் கல்வியும் ரெண்டுமே எடுக்கலாமா?

முடியாது மகள். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்ச மூன்றையும் மூன்று தொகுதியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்கணும். நீங்கள் கேட்ட ரெண்டும் முதலாம் தொகுதியிலேயே இருக்கு. வணிகமும் கணக்கீடும், இரண்டாம் மொழிச் சிங்களமும் அதே தொகுதிதான். ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு.

வரைபடம் பார்ப்பதும் சின்னக் கணக்குப் போடுவதும் பிடித்தால் புவியியல். ஏ.எல்லிலும் அதைப் படிக்க நினைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: தரம் 10, 11 ரெண்டுக்கும் அந்தப் பாடத்துக்கு உங்கள் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா? பாடப் பட்டியலைப் பார்த்து ஏமாறாதீர்கள், நேரசூசியைப் பாருங்கள். நம்ம பக்கம் பாதி வருடத்தில் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பதிலாள் வரும்வரை பாடம் அப்படியே நிற்கும்.

தரம் 11 மாணவன், தலவாக்கலை: இடவிளக்கப்படக் கேள்வியில் எப்பவும் புள்ளி போகுது. படித்திறன் கணக்கு சரியாகவே வராது.

அநேகமாக அலகில்தான் பிழை விடுகிறீர்கள் தம்பி. படித்திறன் என்றால் சரிவின் அளவு: உயர வேறுபாட்டைத் தரைத்தூரத்தால் பிரிப்பது. 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் தரையில் 1 கிலோமீற்றர். ஓர் இடம் 1,280 மீற்றர் சமவுயரக் கோட்டில் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு), மற்றது 1,680 மீற்றர் கோட்டில் இருக்கு என்று வைப்போம். உயர வேறுபாடு 400 மீற்றர். படத்தில் இடைத்தூரம் 8 சென்ரிமீற்றர் என்றால் தரையில் 4 கிலோமீற்றர், அதாவது 4,000 மீற்றர். 400ஐ 4,000ஆல் பிரித்தால் பத்தில் ஒன்று, விடை 1:10. நிறையப் பேர் 400ஐ 8ஆல் பிரித்து 50 என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் சிலர் 4 கிலோமீற்றரை மீற்றராக மாற்றாமல் 400ஐ 4ஆல் பிரிக்கிறார்கள். மேலே கீழே ரெண்டும் மீற்றரில் இருக்கணும், விடைக்குப் பின்னால் அலகு வரக்கூடாது.

பாதை வளைந்து போனால் அடிமட்டம் வைக்காதீர்கள். நூலை வளைவோடு வளைவாகப் படுக்கவைத்து, பிறகு அதை நீட்டி அளந்து பாருங்கள். நனைந்த நூலும் இழுபடும் நூலும் வேண்டாம், தூரம் மாறிவிடும்.

அடுத்தது பள்ளத்தாக்கா, மலை நீட்டா என்ற குழப்பம். சமவுயரக் கோடு வளைந்து கூராகும் இடத்தைப் பாருங்கள். கூர் உயரமான பக்கம் பார்த்தால் பள்ளத்தாக்கு, அதில் ஆறோ ஓடையோ இருக்கும். தாழ்ந்த பக்கம் பார்த்தால் மலை நீட்டு. கோட்டிலுள்ள எண்களை வாசிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதினால் ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நீங்கள் இருக்கிற தோட்டத்துப் படத்தைத் தேடி எடுத்து, லயத்திலிருந்து பெக்டரிக்கு ஏறுவது கோடுகளில் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். பத்து பாஸ்பேப்பர் செய்வதை விட அது பெரிசு.

படத்தில் ஓர் இடத்தைக் காட்டும் ஆறிலக்க ஆள்கூறில் கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. மாற்றி எழுதினால் புள்ளி இல்லை.

தரம் 10 மாணவி, பண்டாரவளை: ஹட்டன் பக்கம் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் காய்வது ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அது வெப்பமாகி, உலர்ந்த காற்றாக வரும். அதுதான் கச்சான். ஊவாத் தேயிலையின் தரம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை உச்சத்தில் இருப்பதற்கும், ஹட்டன் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை என்பதற்கும் இந்த மாதிரி உலர்வுதான் அடிப்படை; திம்புளைப் பக்கம் அது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வரும். “மழை மறைவுப் பிரதேசம்” என்று மட்டும் எழுதாதீர்கள். ஏறுதல், குளிர்தல், மழை, இறங்குதல், உலர்தல் என்று வரிசையாக எழுதினால்தான் முழுப் புள்ளி.

ஏ.எல் மாணவன், பதுளை: அரசியல் விஞ்ஞானத்தில் பிரசாவுரிமைச் சட்டங்கள் எல்லாம் தலைக்குள் கலந்து கிடக்கு.

வருடத்தை மட்டும் பாடமாக்கினால் கலக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றும் யாரிடம் என்ன கேட்டது என்று பிடித்துக்கொள்ளுங்கள். 1948 சட்டம் வம்சாவளி ஆதாரம் கேட்டது: இங்கே பிறந்தவரானாலும் தகப்பன் இங்கே பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் தகப்பன்வழித் தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்கணும். பிறப்புச் சான்றிதழே இல்லாத குடும்பங்களிடம் கேட்டால் என்ன நடக்கும்? 1949 சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கு விண்ணப்ப வழி. அது தொடர்ச்சியான வதிவைக் கேட்டது: மணமானவருக்கு 7 வருடம், மணமாகாதவருக்கு 10 வருடம். இலங்கை, இந்தியப் பிரதமர்களின் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி ஆட்களைக் கணக்காகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேரைப் பற்றிப் பிற்பாடு முடிவு. அந்த மிச்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். 2003 சட்டம் எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்தது. 1948 சட்டத்தைக் கேட்டால் 1964 எண்ணிக்கையை எழுதும் தவறுதான் அதிகம்.

தரம் 11 மாணவி, நோர்வூட்: குடியுரிமைக் கல்விச் செயற்றிட்டத்துக்கு ஒரு தலைப்புச் சொல்லுங்கள்.

உங்கள் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தால் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். திருத்தத்துக்குப் பிறகு உங்கள் தோட்டத்தில் பாதை, வடிகான், தெருவிளக்கு, குப்பை எது மாறியது என்று பத்து வீட்டில் ஒரே ஐந்து கேள்வியைக் கேட்டு அட்டவணை போடுங்கள். வீட்டுக்கு வீடு கேள்வியை மாற்றினால் ஒப்பிட முடியாது.

ஒரு தாய், ஹப்புத்தளை: மகளுக்கு ஆர்ட்ஸில் சுலபமான பாடமாகப் பார்த்துச் சொல்லுங்க சேர்.

அம்மா, பல்கலைக்கழகத்துக்குப் பார்ப்பது வெறும் புள்ளியை இல்லை, இசற் (Z) புள்ளியை. அதாவது பிள்ளையின் புள்ளியிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கு என்ற அளவு) பிரிப்பது. ஒரு பாடத்தில் எல்லாரும் கூட எடுத்தால் சராசரியும் ஏறும். சராசரி 60, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 1. சராசரி 45, விலகல் 10 உள்ள பாடத்தில் 65 எடுத்தால் 2. குறைந்த புள்ளிக்குத்தான் கூடிய இசற். அதனால் பிள்ளை மற்றவர்களை முந்தக்கூடிய பாடம் எது என்று பாருங்க. மூன்று பாடத்திலும் சித்தி வேணும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேணும். அந்த 30ஐ அலட்சியம் பண்ணி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் படிக்கும் ஆசை இருந்தாலும் ஆர்ட்ஸ் தடையில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் சட்டப் படிப்பு உண்டு.