நாளிதழ் கட்சி சொல்லலாமா?

கேள்வி: என் மகன் அயர்லாந்தின் டப்ளினில் வேலை பார்க்கிறான். 2024 நவம்பரில் அங்கே பொதுத்தேர்தல் நடந்தபோது, "இங்கே டிவிக்குத்தான் நடுநிலைச் சட்டம், பேப்பருக்குக் கிடையாதும்மா" என்றான். இது நியாயமா அய்யா? பேப்பரை நம்பி ஓட்டுப் போடுகிறவர்கள் ஏமாந்து போக மாட்டார்களா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் மகன் சொன்னது சரிதான் அம்மா. அயர்லாந்தின் 2009 ஒலிபரப்புச் சட்டப்படி டிவியும் வானொலியும் செய்தியில் ஒரு பக்கம் சாயக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு கட்சி விளம்பரமும் போடக் கூடாது. நாளிதழ்களுக்கு அந்தக் கட்டு இல்லை. அவற்றுக்கு இருப்பது அங்குள்ள பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை மட்டும். உன் கருத்தை எவ்வளவு அழுத்தமாகவும் சொல்லிக்கொள், ஆனால் கருத்தைச் செய்தி என்று போடாதே என்கிறது அது.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பத்திரிகைக்கு நடுநிலைச் சட்டம் போட்டால், எது நடுநிலை என்று தீர்மானிக்கும் அதிகாரம் கடைசியில் ஆட்சியில் இருப்பவர் கைக்குத்தான் போகும். அயர்லாந்து அரசியல் தலைவர் டி வலேரா 1931இல் 'ஐரிஷ் பிரஸ்' நாளிதழைத் தொடங்கினார். அடுத்த வருடமே அவருடைய ஃபியானா ஃபால் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்தப் பேப்பர் யாருடையது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் முரசொலி, தீக்கதிர் வாங்குகிறவருக்குத் தெரியாதா என்ன? அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

எனக்கு உறுத்துவது 1997இல் நடந்தது. ஜூன் 6 வாக்குப்பதிவு. முதல் நாள் காலை 'ஐரிஷ் இண்டிபெண்டன்ட்' தன் முதல் பக்கத்திலேயே, 'பேபேக் டைம்' (பதிலுக்குப் பதில் கொடுக்கும் நேரம்) என்ற தலைப்பில் ஒரு தலையங்கம் போட்டது. வரி கட்டிக் களைத்தவர்களே, ஃபியானா ஃபால் பக்கம் ஓட்டுப் போடுங்கள் என்பது அதன் சாரம். அப்போதைய பிரதமர் ஜான் புரூட்டனின் கூட்டணி தோற்றது, ஃபியானா ஃபால் தலைவர் பெர்ட்டி அஹெர்ன் பிரதமரானார். அந்த ஒரு பக்கத்தால்தான் தோற்றார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பேப்பரின் உரிமையாளர் டோனி ஓ'ரைலிக்கும் அந்த அரசுக்கும் உரசல் இருந்ததால், எழுதச் சொன்னது யார் என்ற சர்ச்சை மட்டும் வருடக்கணக்கில் ஓடியது. உள்ளே தலையங்கப் பக்கத்தில், பத்து நாள் முன்னால் எழுதியிருந்தால் நான் குறையே சொல்ல மாட்டேன். செய்தி வர வேண்டிய இடத்தில், எதிர்த் தரப்பு வாய் திறக்க நேரமில்லாதபோது எழுதியது தப்பு.

ஆனாலும் அங்கே தலையங்கம் என்று தெரிந்துதான் படித்தார்கள். நம் பக்கம் தேர்தல் வந்தால் அந்த அடையாளம்கூட இருப்பதில்லை. நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். ஒரு சட்டமன்றத் தேர்தலில், கடலூரில் விற்ற இரண்டு நாளிதழ்களை ஒரே மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒரு வேட்பாளர் வாக்குச் சேகரித்த செய்தி. "சென்ற இடமெல்லாம் பெண்கள் ஆரத்தி எடுத்து உற்சாக வரவேற்பு அளித்தனர்" என்று இரண்டிலும் ஒரே வரி. செம்மண்டலம் என்ற பகுதியின் பெயர் இரண்டிலும் 'செம்மண்டளம்' என்று இருந்தது. வெவ்வேறு நிருபர்கள் எழுதினால் பிழையுமா ஒன்றாக வரும்? எழுதியவர் பெயர் இல்லை, விளம்பரம் என்ற குறிப்பும் இல்லை. காசு கொடுத்துப் படிக்கிறவரிடம் விளம்பரத்தைச் செய்தி என்று தள்ளுவதை நான் மோசடி என்றே சொல்வேன். வெளிப்படையாகக் கட்சி சொல்லும் பேப்பர் இதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், சட்டம் இருந்துவிட்டால் டிவி சுத்தமாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2011இல் அயர்லாந்து ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ ஷான் காலஹர் என்ற வேட்பாளருக்கு எதிராக ஒரு போலிக் கணக்கில் வந்த ட்வீட்டை நேரலை விவாதத்தில் படித்துவிட்டது. கருத்துக்கணிப்பில் முன்னணியில் இருந்த ஷான் காலஹர் தோற்றார். ஆர்டிஇ அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2017இல்.

கேள்வி: காசு வாங்கிப் போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது?
– வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: தேர்தல் நேரத்தில் மாவட்ட அளவில் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கும். மாவட்டத் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். குழு அதைக் காசுச் செய்தி என்று முடிவு செய்தால், அதற்கான விளம்பரக் கட்டணம் வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். விளையாட்டில்லை. இப்படிப்பட்ட செலவை மறைத்ததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் மூன்று வருடம் தகுதி நீக்கம் செய்தது. டெல்லியில் உள்ள பிரஸ் கவுன்சிலுக்கும் எழுதலாம். ஆனால் அதனால் கண்டிக்க முடியுமே தவிர அபராதம் போட முடியாது. புகாரோடு பேப்பரை முழுத் தாளாக வையுங்கள். செய்தியை மட்டும் வெட்டி வைத்தால் தேதியும் பக்க எண்ணும் போய்விடும். அதே செய்தி வேறு பேப்பரிலும் வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.