பெற்றவளின் பசி பிள்ளையிடம் தங்குமா?

கேள்வி: என் மகன் வயிற்றில் இருந்த ஆண்டு, பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வரவில்லை. பல நாள் ஒருவேளைக் கஞ்சிதான். இப்போது 29 வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய். தாயின் பட்டினி பிள்ளையின் மரபணுவில் பதிந்துவிடும், அதன் பெயர் எபிஜெனெடிக்ஸ் என்று டிவியில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள். பேரப்பிள்ளைக்கும் வந்துவிடுமா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: சகோதரி, டிவியில் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

‘பல’ என்று எழுதி, ‘ல’வின் தலையில் ஒரு புள்ளி வையுங்கள். ‘பல்’ ஆகிவிடும். எழுத்து அதேதான்; ஒலி அடங்கிவிட்டது. மரபணுக்களின் மேலும் உடல் இப்படிப் புள்ளி வைக்கிறது. மெத்தில் என்னும் சிறு வேதித் துணுக்குதான் அந்தப் புள்ளி. அது ஒட்டிய மரபணு பெரும்பாலும் வாய்மூடிக்கொள்ளும். ‘எபி’ என்ற கிரேக்கச் சொல்லுக்கே ‘மேல்’ என்றுதான் பொருள். முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் நடத்திய எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை.

உசிலம்பட்டி அருகே என் தம்பியின் முருங்கைத் தோப்பில் தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருபவை. புழுப்பருவம் முழுவதும், வேலைக்காரத் தேனீக்கள் சுரக்கும் அரசக்கூழை (ராயல் ஜெல்லி) உண்டது ராணியாகி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. மூன்று நாளோடு மகரந்தத்துக்கும் தேனுக்கும் மாறியது சில வாரங்களில் உழைத்துத் தேய்ந்துபோகிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், புள்ளி வைக்கும் நொதியைப் புழுக்களில் அடக்கினார்கள். வேலைக்காரிகளாக வேண்டியவற்றில் பெரும்பாலானவை ராணி உருவெடுத்தன. அரசக்கூழ் செய்யும் வேலையைப் புள்ளிகள் குறைந்ததே செய்துவிட்டது. ஊட்டம் புள்ளியை மாற்றும் என்பது உண்மைதான்.

மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்கு நகரங்கள் பட்டினி கிடந்தன. அப்போது கருவானவர்களை அறுபது ஆண்டுகள் கழித்து உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது, வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் புள்ளிகள் குறைந்திருந்தன. எவ்வளவு? ஏறத்தாழ 5 சதவீதம். அந்தப் பட்டினியின்போது வயிற்றில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் சர்க்கரையைக் கையாளும் திறனும் சற்றுக் குறைந்திருந்தது. இவை கூட்டத்தின் சராசரிகள். உங்கள் மகன் ஒருவனுக்கு நோய் வந்த காரணத்தை இவற்றிலிருந்து யாரும் சொல்ல முடியாது. இரு குடும்பங்களின் மரபு, உடல் எடை, தூக்கம், நடை, தட்டில் குவியும் வெள்ளைச் சோறு எல்லாம் அதில் சேரும்.

அங்கே பட்டினிக்குக் காரணம் முற்றுகை. உங்களுக்கு வராத தண்ணீர். தாயை எதற்காகக் கூண்டில் ஏற்றுகிறார்கள்? எனக்குக் கோபமே வருகிறது.

பேரப்பிள்ளைக்கு வருவோம். கருத்தரித்த சில நாட்களில், தாய் தந்தையிடமிருந்து வந்த புள்ளிகளில் பெரும்பகுதி அழிந்து புதிதாக வைக்கப்படுகிறது. அந்தப் புதுப் புள்ளிகளுக்கு ஃபோலிக் அமிலமும் பி12-உம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை மருமகள் விடாமல் சாப்பிடட்டும். கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையையும் தவறவிட வேண்டாம். கீரை, பருப்பு, முட்டை, பால் தினமும் தட்டில் இருக்கட்டும். அவளுக்குப் பரிமாறிவிட்டு நீங்கள் மிச்சத்தோடு ஒதுங்காதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள்.