எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. பிறை தொழிற்பேட்டையில் வெல்டராக வேலை செய்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் அப்பா விட்டுச்சென்ற வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் நேர்கோட்டு வேகச் சாதனைக்கான கார் ஒன்றை நானே கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பழைய கன்சில் கார் எஞ்சின் ஒன்று கையில் இருக்கிறது. போதாதென்றால் ஹாப்கட் கடையில் (பாதியாக அறுத்து வரும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) வேறொன்று வாங்கிக்கொள்வேன். மணிக்கு 300 கிலோமீட்டரை எட்ட முடியுமா? எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? கார் முடிந்ததும் பத்து காவான் பக்கம் நள்ளிரவில் காலியான சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா? — செபராங் பிறை வாசகர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இருப்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். கூடாது.

பதிவெண்ணும் காப்புறுதியும் இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் இறக்குவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அதை விடுங்கள். 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 83 மீட்டர் ஓடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து, பின்விளக்கு எரியாத மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும் பையன் ஒருவன் உங்கள் கண்ணில் படுகிறான். உங்கள் கால் பிரேக்கைத் தேடிப் போவதற்குள் ஒரு கால்பந்துத் திடலின் நீளம் கடந்துபோயிருக்கும். பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வரம்பை மறந்த இரவுகள் எப்படி முடிந்தன என்று நம் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். முடியும். நீங்கள் கேட்ட அதே எண்ணைக் கிட்டத்தட்டத் தொட்டவர் ஒருவர் இருக்கிறார். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ, 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் மோட்டார்சைக்கிள் ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். 600 சிசியாகப் பிறந்த எஞ்சின் அவர் கையில் 950 சிசியாக வளர்ந்தது. 1967இல், 68 வயதில், அமெரிக்காவின் போனவில் உப்புச் சமவெளியில் அதை மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். அது இரண்டு சக்கர வண்டியாயிற்றே என்பீர்கள். காற்று சக்கரங்களை எண்ணுவதில்லை. தன்னை எத்தனை அகலத்துக்கு விலக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு.

எஞ்சினைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். காற்றின் எதிர்ப்பைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் இரட்டிப்பானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். உங்களிடம் உள்ள 660 சிசி கன்சில் எஞ்சின் புதிதாக இருந்தபோது சுமார் 31 குதிரைத்திறன் தந்தது. கன்சில் உடம்போடு சேர்ந்து அது 130ஐ ஒட்டி மூச்சு வாங்கும். அதே எஞ்சினை, முன்பரப்பு 0.6 சதுர மீட்டரும் இழுவைக் கெழு (வடிவம் காற்றில் எவ்வளவு சிக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.2ம் கொண்ட ஒரு மெலிந்த உடம்புக்குள் வையுங்கள். ஓட்டுநரோடு மொத்த எடை 600 கிலோ என்றும், இத்தகைய கார்கள் ஓடும் உப்புத்தரை தார்ச்சாலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் என்றும் வைத்துக் கணக்கிட்டால் எனக்கு 185 கிலோமீட்டர் வருகிறது. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் கிடைக்கும் 55 கிலோமீட்டர் இது!

அடுத்த படியைப் பாருங்கள். ஜப்பானின் சிறுகார் வகுப்பில் இதே 660 சிசி டர்போ எஞ்சின்கள் 64 குதிரைத்திறன் என்ற வரம்போடு வந்தன. ஹாப்கட் கடையில் நல்ல நிலையில் ஒன்று அகப்பட்டால், அதே உடம்பில் ஏறக்குறைய 260. முழு 300க்குச் சுமார் 90 குதிரைத்திறன் போதும் என்கிறது காகிதம். ஆனால் 90 மட்டும் இருந்தால் கடைசி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு உப்புச் சமவெளி முழுக்க ஓட வேண்டியிருக்கும். ஈர உப்பும் எதிர்க்காற்றும் அதையும் தின்றுவிடும். 130 முதல் 150 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்கு இது சாதாரணம். கியர்பாக்ஸும் அதன் வயிற்றிலேயே இருப்பதால் இடமும் மிச்சம். எஞ்சினைப் பற்றி இதற்குமேல் இப்போது பேச ஒன்றுமில்லை. எல்லோரும் அதை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ப ஒரு பெரிய பெட்டியைச் செய்து, அப்புறம் காற்றோடு சண்டை போடுகிறார்கள்.

நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஓடும் இடத்தை. 600 கிலோ கார் உப்பின் மேல் வழுக்காமல் 300ஐ எட்ட இரண்டரை கிலோமீட்டராவது வேண்டும். பிறகு வேகம் அளக்கும் தூரம். அதன்பின் நிற்பதற்கு இடம். செப்பாங் பந்தயத் தடத்தின் மொத்தச் சுற்றே 5.543 கிலோமீட்டர், அதன் எந்த நேர்ப்பகுதியும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஓடுபாதை 3,352 மீட்டர் நீளம். ஆனால் உங்களுக்காக விமானங்கள் வானத்தில் காத்திருக்கப்போவதில்லை. ஆகவே, மழையும் செம்பனையும் நிறைந்த நம் நாட்டில் இந்தக் கார் பிறக்கலாம், ஓட முடியாது.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தென் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் ஏரி. 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் காய்ந்த உப்பு. ரோஸ்கோ மெக்லாஷன் 1994இல் ஜெட் காரில் மணிக்கு 802 கிலோமீட்டர் ஓட்டியது அங்குதான். டிரை லேக்ஸ் ரேசர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு வழக்கமாக மார்ச் மாதத்தில் வேக வாரம் நடத்துகிறது. மழை பெய்து ஏரியில் நீர் நின்றுவிட்டால் அந்த ஆண்டு ரத்து. ஒரு முறை சும்மா போய்ப் பாருங்கள். யாராவது ஒரு குழுவுக்கு உப்பு கழுவித் தரும் ஆளாக நின்றாலும் போதும். நான் அப்படி நின்ற ஒரு வாரத்தில் கற்றது, பட்டறையில் பத்து வருடம் கற்றதைவிட அதிகம். உப்பு எங்கெல்லாம் நுழையும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒயரிங் முனைகளில் பத்து மாதம் கழித்தும் வெள்ளை பூத்தது.

இடம் முடிவானால் நீளமும் முடிவாகிவிடும், ஏனென்றால் கார் கப்பலில் போக வேண்டும். 20 அடி கொள்கலனின் உள்நீளம் 5.9 மீட்டர். நண்பர்கள் சேர்ந்து கட்டிய ஒரு காரின் வால் அதைவிட நான்கு விரல் நீண்டுவிட்டது. வரைபடத்தில் யாரோ கொள்கலனின் வெளிநீளத்தைக் குறித்திருந்தார்கள். பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய இரவு, மூன்று மாதம் தேய்த்து மெருகேற்றிய பைபர் வாலை நானே அறுத்தேன். யாரோ என்றேன் அல்லவா, அதுவும் நான்தான். உங்கள் கார் 5.7 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். வண்டியின் அடியில் ஒரு பிடி மண்கூட இல்லாமல் கழுவி அனுப்புங்கள். மண், விதை, பூச்சி விஷயத்தில் ஆஸ்திரேலியச் சோதனை கண்டிப்பானது.

அடுத்தது விதிநூல். அங்குள்ள விதிகள், கலிபோர்னியாவில் 1937இல் தொடங்கிய சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷனின் விதிகளைத் தழுவியவை. அதை வாங்கி, ஒரு குழாயை அறுப்பதற்கு முன் முழுக்கப் படியுங்கள். உங்களைப் போன்ற வெல்டர்களுக்கு அதில் ஒரு கண்ணி உண்டு: கை தேர்ந்தவர் என்பதால் கண்ணில் பட்ட குழாயை எடுத்துவிடுவீர்கள். தண்ணீர் ஓடும் ஜி.ஐ. குழாய் பாதுகாப்புக் கூண்டுக்கு ஆகாது. அதன் துத்தநாகப் பூச்சு பற்றவைப்பைக் கெடுக்கும். அதன் புகை உங்கள் நெஞ்சைக் கெடுக்கும். இந்த வகைக் காருக்கு 41 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட எஃகுக் குழாய் வேண்டும். பரிசோதகர் சுவர்த் தடிமனை அளந்து பார்ப்பார் என்பதை நினைவில் வையுங்கள். மூட்டுகளை வண்ணம் பூசி மறைக்காமல் கொண்டு போங்கள். நல்ல வெல்டிங்கைப் பார்த்தால் அவர் முகமே மாறும்.

கூண்டு எவ்வளவு பெரிது? அங்குதான் உங்கள் உடம்பு வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கலிபோர்னியாவில் பில் பர்க் என்பவர், போர் விமானங்கள் கழற்றிவிடும் கூடுதல் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதற்குள் எஞ்சினையும் தம்மையும் திணித்துக் கார் செய்தார். மழைத்துளி வடிவம் தயாராகவே கிடைத்தது. ஆள்தான் சுருங்க வேண்டியிருந்தது. உங்களுக்குத் தொட்டி கிடைக்காது. ஆனால் பாடம் அதேதான். காரின் அகலம் உங்கள் தோள் அகலம். அதன் உயரம், சாய்ந்து படுத்த நிலையில் உங்கள் ஹெல்மெட்டின் உயரம். தோளில் ஐந்து சென்டிமீட்டர் குறைத்தால் எத்தனையோ குதிரைத்திறன் மிச்சம். அதற்காகக் கூண்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் திருடாதீர்கள். கார் உருண்டால் கை வெளியே போகாதபடி கட்டுப்பட்டிருக்க வேண்டும். யாருடைய உதவியும் இன்றி நீங்களே இருக்கைப் பட்டையைக் கழற்றி வெளியேறவும் வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுங்கள். புகைக்குள் கண் திறந்திருந்தும் பயன் இல்லை.

காரின் குணத்தைப் பூப்பந்தை வைத்துச் சொல்லலாம். இறகுப் பக்கமாகத் தூக்கி எறிந்தாலும் கனமான தக்கை முன்னால் திரும்பிக்கொள்ளும். எடையின் நடுப்புள்ளி முன்னாலும், காற்று பிடிக்கும் நடுப்புள்ளி பின்னாலும் இருக்க வேண்டும். எடை பின்னால் இருந்தால் பக்கக்காற்று ஒன்று வந்ததும் கார் பம்பரமாகச் சுற்றும். இப்படிப்பட்ட சிறு சாதனைக் கார்களில் எஞ்சின் பின்னால் உட்காருவதால் இந்தச் சிக்கல் உறுதி. வாலில் ஒரு செங்குத்துத் துடுப்பு, மூக்கில் ஈயம். ஆம், எடையைக் கூட்டச் சொல்கிறேன். வழுக்கும் உப்பில் எடை என்பது பிடிப்பு. சுற்றுப் பந்தயக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

டயரில் மட்டும் என்னிடம் பேரம் பேசாதீர்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 300 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 2,650 சுற்றுச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில், டயரின் வெளிப்பரப்பில் உள்ள 10 கிராம் ரப்பர் ஏறக்குறைய 24 கிலோ எடையாக வெளியே இழுக்கும். ரப்பரின் ஒவ்வொரு துண்டுக்கும் இதே கதிதான். சாலை டயரின் பக்கவாட்டில் வேக எழுத்து இருக்கும்: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300. விதிநூல் உங்கள் வேகத்துக்கு எதைக் கேட்கிறதோ அதுதான். ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டியது) என்ற சொல்லையே கொட்டகைக்குள் நுழைய விடாதீர்கள். காரை நிறுத்த, 280ஐத் தாண்டும் கார்களுக்கு பாராசூட் கட்டாயம். அதன் கயிறு பிணைக்கும் புள்ளி எடை நடுப்புள்ளியின் உயரத்தில் இருக்கட்டும். மேலே கட்டினால் மூக்கு எழும்பும்.

வாங்கும் வரிசையிலும் ஒரு சூட்சுமம். இருக்கைப் பட்டைகளுக்கும் தீயணைப்பு அமைப்புக்கும் காலாவதித் தேதி உண்டு. பட்டைக்கு இரண்டு ஆண்டுகளே கொடுக்கும் தரமும் இருக்கிறது. இந்த வேலை வார இறுதிகளில் நடந்தால் மூன்று, நான்கு ஆண்டு இழுக்கும். ஆசையில் முதலில் வாங்கினால், கார் முடியும் நாளில் பட்டை கழிவு. மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லாது. தீயைத் தாங்கும் உட்துணி கொண்ட கார்ப் பந்தய ஹெல்மெட் வேண்டும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் உடம்பைக் காப்பவற்றுக்கு இப்போதே ஒதுக்கி, தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது எஞ்சின் பக்கம் நழுவிவிடும், எனக்கு நடந்திருக்கிறது.

முதல் வருடமே 300ஐ எதிர்பார்க்காதீர்கள். புதியவர்களைப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள்: ஒரு வேகத்தில் நேராக ஓடிக் காட்டினால் அடுத்த படி. அதனால்தான் உங்கள் கன்சில் எஞ்சினை நான் ஒதுக்கவில்லை. முதல் பயணத்துக்கு அதுவே போதும். எஞ்சின் பிடிமானங்களை மட்டும் பிற்பாடு மாற்றக்கூடியபடி போல்ட்டில் அமையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இது. இரும்பைத் தொட வேண்டாம். ஒட்டுப்பலகையில் ஓர் இருக்கை செய்து, ஹெல்மெட் அணிந்து, முதுகைச் சாய்த்து, காலை நீட்டி அரை மணி நேரம் அதில் படுத்திருங்கள். கழுத்து வலித்தால் சாய்வை மாற்றுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்: தோள் அகலம், தரையிலிருந்து ஹெல்மெட் உச்சி, பாதத்தின் நுனியிலிருந்து தலையின் பின்புறம் வரை. மூன்று எண்களையும் பக்கவாட்டுப் படம் ஒன்றையும் அனுப்புங்கள். கூண்டின் வரைபடத்தை அதிலிருந்து தொடங்குவோம். அதுவரை எஞ்சினின் பிளக் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுற்றி வையுங்கள். நம் ஈரக்காற்றில் சிலிண்டர் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.