மொகாவோவின் கறுத்த முகங்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் சீனாவில், கோபிப் பாலைவன ஓரத்தில் இருக்கும் டுன்ஹுவாங் வரை போய் மொகாவோ என்ற பௌத்தக் குகைக் கோயில்களைப் பார்த்தேன். 492 குகைகளில் ஓவியம் இருக்கிறது என்று படித்துவிட்டுப் போனேன். காட்டியது எட்டு. உள்ளே விளக்கு இல்லை, படம் எடுக்கவும் கூடாது. வழிகாட்டியின் டார்ச்சில் தெரிந்தவை பெரும்பாலும் கறுத்துப்போன முகங்கள். குகைக்குப் போகும் முன் திரையிட்ட படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அதோடு திரும்பியிருக்கலாமோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த முகங்களை யாரும் கறுப்பாக வரையவில்லை. வட வெய் என்ற பழைய சீன அரச மரபின் காலத்து ஓவியர்கள் கன்னமும் தோளும் திரண்டு தெரிவதற்காக ஓரங்களில் செந்நிறத்தை அடுக்கடுக்காகத் தீட்டினார்கள். இந்தியாவிலிருந்து மத்திய ஆசியா வழியாக அங்கே போன முறை அது. அந்தச் சாயத்தில் ஈயம் இருந்தது. 1,500 ஆண்டுகளில் வெளிச்சமும் ஈரமும் பட்டுக் கறுத்துவிட்டது. கண்ணிலும் மூக்குத்தண்டிலும் வைத்த வெள்ளை மட்டும் அப்படியே நிற்கிறது.

நீங்கள் வருத்தப்பட்ட இருட்டும் அந்த வெளிச்சத்துக்குப் பயந்துதான். ஈரம் செய்யும் கெடுதல் வேறு. அங்கே பாறைமேல் வைக்கோல் கலந்த மண்ணைப் பூசி, அது காய்ந்த பிறகு வரைந்திருக்கிறார்கள். பாறையிலும் மண்ணிலும் உப்பு உண்டு. கூட்டமாக நின்று நாம் விடும் மூச்சில் ஈரம் ஏறினால் உப்பு கரைகிறது, காய்ந்தால் மறுபடி உறைகிறது. இப்படியே மாறி மாறி நடந்தால் பூச்சு பொடிந்து ஓவியம் உதிரும். எட்டு குகை போதும் என்று அவர்கள் நிறுத்துவது எனக்குச் சரியாகவே படுகிறது.

அடுத்த முறை தனிக் கட்டணம் கட்டியாவது 254-ஆம் குகையைப் பாருங்கள். வடக்குச் சுவரில் சிபி உட்கார்ந்திருக்கிறான், ஒருவன் அவன் தொடையை அறுக்கிறான், பக்கத்தில் தராசு. பாண்டியன் அவையில் கண்ணகி சொன்னாளே, பறவையின் துயர் தீர்த்த சோழன் என்று, அதே கதை. அவ்வளவு தூரத்தில் அவனைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தெற்குச் சுவரில் பசித்த புலிக்குத் தன்னையே கொடுக்கும் இளவரசன். ஒரே சட்டத்துக்குள் அவன் கழுத்தில் குத்திக்கொள்கிறான், மலையிலிருந்து பாய்கிறான், புலியின் கீழே கிடக்கிறான். புகைப்படத்தில் இது மொத்தமும் ஒரே பார்வையில் விழுந்துவிடும், எது முதல் எது பிறகு என்றே தெரியாது. டார்ச் ஒவ்வொரு உடலாக நகரும்போதுதான் அவன் விழுவதை நான் பார்த்தேன். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கோடு குகையின் நடுவில் நிற்கும் தூணை வலம் வந்தவர்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் தெரிந்திருக்கும்.

திரைப்படத்தை நான் குறை சொல்லவில்லை. நகைகளையும் விரல்களையும் அதில்தான் நன்றாகப் பார்க்க முடியும். அதை முதலில் பார்த்து, கதைகளைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். அப்புறம் வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: டார்ச்சைக் கொஞ்சம் மெதுவாக நகர்த்தச் சொல்லி.