மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் காப்புறுதி எதைத் தரும்?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் 1980களில் கட்டிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்களுடையது. குளியலறை உட்கூரையில் மூன்று மாதமாகப் பழுப்பு வளையம் இருந்தது. போன வாரம் சொட்டத் தொடங்கி, பக்கத்திலிருந்த மர அலமாரி அடியோடு ஊறிப்போனது. தீக் காப்புறுதி, வீட்டுப் பொருள் காப்புறுதி இரண்டும் இருக்கின்றன. எது கைகொடுக்கும்?

பதில்: தீக் காப்புறுதியை ஒதுக்கி வையுங்கள். வீவக கடன் உள்ளவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய திட்டம் அது. ஐந்தாண்டுச் சந்தா பத்து வெள்ளிகூட வராது. கழகம் கட்டிக்கொடுத்த உட்கட்டமைப்பையும் பொருத்துகளையும்தான் அது பார்க்கும். நீங்கள் வாங்கிய அலமாரிக்கு அதில் இடமில்லை.

நம்பிக்கை வைக்க வேண்டியது வீட்டுப் பொருள் காப்புறுதியில். அதிலும் ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் முடிவுசெய்யும்: தண்ணீர் திடீரென வந்ததா, நாளடைவில் கசிந்ததா? குழாய் வெடிப்பதும் தொட்டி நிரம்பி வழிவதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. தேய்மானமும் மெல்லக் கசிவதும் விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்கள் பழுப்பு வளையம் இரண்டாவது வகைக்குச் சாட்சி சொல்கிறது. அதற்காக அதை மறைக்காதீர்கள். காப்புறுதி நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் கூரையைப் பார்த்ததுமே கறையின் வயதைக் கணித்துவிடுவார். மறைத்தது தெரிந்தால் நியாயமான பங்கும் போய்விடும். ஆனால் மூன்று மாதக் கறையும் போன வாரச் சொட்டும் ஒரே காரணத்தால்தான் வந்தன என்று சொல்லிவிட முடியாது. அதைப் பிரித்துக் காட்டுவது உங்கள் வேலை.

அதற்கு, சொட்டு விழும் நேரத்தைக் கவனியுங்கள். மேல்வீட்டில் யாரும் தண்ணீர் புழங்காத நடுராத்திரியிலும் ஒரே சீராகச் சொட்டினால், அழுத்தத்தில் ஓடும் நன்னீர்க் குழாயில் கோளாறு இருக்கலாம். மேல்வீட்டாரிடம் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, அவர்களுடைய தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் சந்தேகம் வலுப்படும். திடீரென உடைந்த குழாய் என்றால் உங்கள் கோரிக்கைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. கழிப்பறையில் தண்ணீர் இறைத்த உடனே சொட்டினால் கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் கோளாறு. பழைய அடுக்குமாடிகளில் அது உங்கள் உட்கூரைக்குக் கீழேயே ஓடும்; கண்ணால் பார்க்கலாம். குளித்து அரைமணி, ஒருமணி கழித்துச் சொட்டி, பிறகு தானாக நின்றால் தரை ஓட்டுக்குக் கீழுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு செத்துவிட்டது என்று பொருள். வயதான வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். காப்புறுதி நிறுவனம் தேய்மானம் என்று ஒதுக்குவதும் இதைத்தான். மூன்று நாளுக்கு நேரத்தைக் குறித்து, தேதி பதியும் படியாகக் காணொளியும் எடுத்து வையுங்கள்.

ஒப்பந்தத்தில் தொகையையும் பாருங்கள். வீட்டின் பொருள்களும் புதுப்பிப்பும் 80,000 வெள்ளி பெறுமானம். நீங்கள் எழுதிக் கொடுத்தது 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குறைகாப்பு விதி (பெறுமானத்தைவிடக் குறைத்து எழுதினால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி) உள்ள ஒப்பந்தத்தில் 3,000 வெள்ளிச் சேதத்துக்கு 1,500தான் கணக்கு. அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பங்கைக் கழித்துவிட்டே தருவார்கள். சில திட்டங்களில் இந்த விதி கிடையாது. குழாயால் நனைந்த அலமாரிக்குப் பணம் வந்தாலும், அந்தக் குழாயைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூரையைச் சரிசெய்ய வீவக கிளை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மேல், கீழ் வீட்டார் இருவருக்கும் இதில் பொறுப்புண்டு. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் பாதிச் செலவைக் கழகம் ஏற்கும். மீதியில் ஆளுக்கு 25 விழுக்காடு. காப்புறுதியோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த வழி பலருக்கு விரைவில் பலன் தரும். உட்கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

மேல்வீட்டாரின் காப்புறுதியில் பிறருக்கு அவர்களால் நேர்ந்த சேதத்துக்கு ஈடு தரும் மூன்றாம் தரப்புப் பொறுப்பு என்ற பிரிவு இருக்கலாம். அவர்களுடைய கவனக்குறைவு தெரிந்தால்தான் அது பலிக்கும். எடுத்துக்காட்டாக, எழுத்தில் சொல்லியும் மாதக்கணக்கில் பழுதைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது. அதனால் இன்றே மரியாதையாக ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பி வையுங்கள். வாய்ச்சொல் நிற்காது. “இத்தோடு கணக்கு முடிந்தது” என்று சமாதானத்துக்காக அவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் வேண்டாம். உங்களுக்குத் தந்த பணத்தை அவர்களிடம் வசூலிக்கும் உரிமை உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு உண்டு; அதை நீங்கள் கைவிட்டால் உங்கள் கோரிக்கை சிக்கலாகும். சமரசம் ஆகாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான சொத்துச் சேதத்துக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். காப்புறுதி நிறுவனத்தோடுதான் தகராறு என்றால், அவர்களின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையத்தை அணுகலாம்.

சேதத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள். ஊறிய அலமாரியை மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய ரசீது இல்லாவிட்டால் பழைய குடும்பப் புகைப்படத்தில் அது தெரிந்தாலும் உதவும். விளக்குக்கு அருகே சொட்டினால் மின்பெட்டியில் அந்தச் சுற்றை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கறை மேல் உடனே சாயம் அடிக்காதீர்கள். மேல்வீட்டுப் பழுது முடிந்ததும், அங்கே வடிகால் வாயை அடைத்துத் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளும் உங்கள் கூரை வறண்டிருந்தால், கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகு சாயம் அடிக்கலாம்.